ஜெபிக்கிறவர்களுக்கும் சாக வேண்டும் என்று தோன்றுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தென் மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவர். இப்போது வேலை பார்க்கும் நகரத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். காலையும் இரவும் வேதம் வாசிக்கிறார், ஜெபிக்கிறார். அப்படியிருந்தும் சில மாதங்களாக “செத்துப்போனால் நன்றாக இருக்கும்” என்ற எண்ணம் வந்து வந்து போகிறது. இது விசுவாசக் குறைவா, பிறவிச் சுபாவமா, சாத்தானின் சோதனையா என்று கேட்கிறார். கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களிடம் தற்கொலை அதிகம் என்று எங்கோ படித்தாராம். அது உண்மையா என்பது இரண்டாவது கேள்வி. இதைப் போதகரிடம் சொல்லலாமா என்றும் கடைசியில் கேட்கிறார்.

பதிலுக்கு முன் ஒன்று. எண்ணம் வந்து போவதோடு நிற்காமல் எப்போது, எப்படி என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியிருந்தால் இதை இங்கேயே நிறுத்திவிட்டு, வீட்டில் இருக்கும் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற இந்திய அரசின் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. சென்னையில் சினேகா அமைப்பு 1986 முதல் இதே பணியைச் செய்துவருகிறது. இலங்கையில் இருப்பவர்கள் 1926-ஐ அழைக்கலாம். மீதியை நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்.

இனி முதல் கேள்வி. சாக வேண்டும் என்ற எண்ணத்தை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்க முடியாது. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. சமயத்தையும் தற்கொலையையும் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட முடிவு இதுதான்: ஒரு சமயத்தைச் சார்ந்திருப்பது தற்கொலை முயற்சியிலிருந்து காக்கிறது, ஆனால் எண்ணத்திலிருந்து காக்கும் என்று சொல்வதற்கில்லை. விசுவாசம் பல நேரங்களில் கையைப் பிடித்து நிறுத்துகிறது. எண்ணம் உள்ளே நுழையாதபடி அது கதவை அடைத்துவிடுவதில்லை. “எனக்கு இப்படித் தோன்றுகிறதே, அப்படியானால் நான் இரட்சிக்கப்படவே இல்லையா” என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு தங்களையே வதைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் ஊர்ச் சபையின் பாட்டுப் புத்தகத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறார். “இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே” என்று லெந்து என்ற தவக்கால நாட்களில் பாடியிருப்பீர்கள். எந்தப் பாவத்துக்கும் நிவிர்த்தி உண்டு என்று உறுதியாகச் சொல்லும் பாட்டு. அதன் ஆங்கில மூலத்தை எழுதியவர் வில்லியம் கூப்பர் என்ற கவிஞர். அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பலமுறை முயன்றவர். வாழ்க்கையின் கடைசி இருபத்தேழு ஆண்டுகளில் பெரும்பகுதியை, உலகத்தில் எல்லாருக்கும் மன்னிப்பு உண்டு, தனக்கு மட்டும் இல்லை என்று நம்பியே கழித்தவர்.

கூப்பர் 1731-இல் இங்கிலாந்தில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். ஆறு வயது நிறைவதற்குள் தாய் இறந்துவிட்டார். பிறகு விடுதிப் பள்ளி. அங்கே ஒரு பெரிய பையன் அவரைப் பொறுக்கியெடுத்து வதைத்தான். அவனை நிமிர்ந்து பார்க்கவே கூப்பருக்குப் பயம். அவன் உடையின் வேறு எந்தப் பகுதியையும்விட, காலணியில் இருந்த பக்கிளைக் கொண்டுதான் தனக்கு அவனை நன்றாகத் தெரியும் என்று பின்னாளில் எழுதினார். சுபாவத்தைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? அந்தக் காலணிப் பக்கிளை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிறுவனுக்கு உலகம் குனிந்த தலைக்கு எட்டிய உயரத்தில்தான் தெரிந்தது. தன்னைவிடப் பெரிய ஒருவர் எந்த நேரமும் தண்டிக்கக் காத்திருக்கிறார் என்ற எதிர்பார்ப்பு, இறையியல் எதையும் படிப்பதற்கு முன்பே அவருக்குள் குடியேறிவிட்டது.

வளர்ந்து சட்டம் படித்தார். 1763-இல் உறவினர் ஒருவரின் முயற்சியால் பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் பதவி கிடைக்கும் நிலை வந்தது. அதற்குச் சபையின் முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த நாளை நினைத்து நினைத்தே மனம் உடைந்தது. உயிரை விட முயன்றார், பிழைத்தார். அதற்குப் பிறகுதான், மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டோம் என்ற திகில் பிடித்தது. செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் நத்தானியேல் காட்டன் என்ற மருத்துவர் நடத்திய மனநோயாளர் இல்லத்தில் சேர்த்தார்கள். நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்துக்கொண்டார். 1764-இல் அங்கேதான் ரோமர் 3-ஆம் அதிகாரம் 25-ஆம் வசனத்தை வாசித்தபோது கூப்பருக்கு விடுதலை கிடைத்தது. அவருடைய சாட்சி அது.

இந்த வரிசை முக்கியம். சுவிசேஷப் பக்திதான் கூப்பரைப் பித்தராக்கியது என்று பிற்காலத்தில் எழுதியவர்கள் உண்டு. அவர் அந்தப் பக்திக்குள் வருவதற்கு முன்பே நோய் வந்துவிட்டது. விசுவாசத்தால் நோய் ஒரேயடியாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கும் அவர் வாழ்க்கை இடம் கொடுக்கவில்லை. 1767-இல் அவர் ஓல்னி என்ற சிற்றூருக்குக் குடிபோனார். அங்கே குருவானவராக இருந்தவர் ஜான் நியூட்டன், ஒரு காலத்தில் அடிமைக் கப்பலுக்குத் தலைவராக இருந்து மனந்திரும்பியவர். இருவரும் சேர்ந்து எழுதிய பாடல்கள்தான் 1779-இல் வெளிவந்த ஓல்னிப் பாடல்கள். புத்தகம் வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1773 ஜனவரியில், கூப்பர் மறுபடியும் விழுந்தார். பிப்ரவரியில் ஒரு கனவு. “உன் கதை முடிந்தது, நீ அழிந்தாய்” என்று இலத்தீனில் ஒரு குரல் கேட்டது. அது தேவனுடைய தீர்ப்பு என்று நம்பினார். அந்த ஆண்டு அக்டோபரில், ஆபிரகாமிடம் ஈசாக்கைக் கேட்டதுபோலத் தேவன் தன்னிடம் தன் உயிரையே பலியாகக் கேட்கிறார் என்று நினைத்து மறுபடியும் முயன்றார்.

1763-இல் நோய் பேசியது பதவி, தேர்வு, அவமானம் என்ற மொழியில். 1773-இல் அதே நோய் பலி, கீழ்ப்படிதல், தீர்ப்பு என்று வேதத்தின் மொழியில் பேசியது. விவசாயிக்கு மனச்சோர்வு வந்தால் அது கடனைப் பற்றிப் பேசும். மாணவனிடம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும். நம்மிடம் வசனமாகப் பேசும், வசனத்தை நாம் நம்புவதால். உங்கள் உள்ளே கேட்கிற “நீ தகுதியற்றவன், தேவன் உன்னை விட்டுவிட்டார்” என்ற குரல் வேத வார்த்தைகளில் வருகிறது என்பதற்காக அது தேவனுடைய குரல் ஆகிவிடாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படித்த செய்தியின் வேர் 1897-இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் தர்க்கைம் வெளியிட்ட தற்கொலை பற்றிய நூல். ஐரோப்பிய நாடுகளின் புள்ளிவிவரங்களை வைத்து, கத்தோலிக்கப் பகுதிகளைவிடப் புராட்டஸ்டண்ட் பகுதிகளில் தற்கொலை அதிகம் என்றார். இரண்டு சபைகளுமே தற்கொலையைப் பாவம் என்றுதான் போதித்தன. ஆகவே வித்தியாசம் போதனையில் இல்லை, மனிதரை ஒருவரோடொருவர் எவ்வளவு இறுக்கமாகச் சபை பிணைக்கிறது என்பதில் இருக்கிறது என்பது அவர் வாதம். கத்தோலிக்க ஊர்களில் கல்லறை மறுக்கப்படும் என்ற பயத்தில் பல தற்கொலைகள் விபத்து என்று எழுதப்பட்டிருக்கும் என்று பிறர் மறுத்தார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் சாஷா பெக்கர், லுட்கர் வோஸ்மன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பழைய பிரஷ்யாவின் 452 மாவட்டங்களின் 1869 முதல் 1871 வரையிலான பதிவுகளை நுணுக்கமாக ஆராய்ந்தபோதும் புராட்டஸ்டண்ட் மாவட்டங்களில் அதிகம் என்றே வந்தது. எனவே தர்க்கைம் சொன்னதை அடியோடு தள்ள முடியாது. அதே நேரம் அது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய மாவட்டங்களின் கணக்கு. மாவட்டத்தின் கணக்கை ஒரு தனி மனிதரின் தலையில் எழுத முடியாது.

நம் காலத்துக்கு நெருக்கமான கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 89,708 செவிலியப் பெண்களை 1996 முதல் 2010 வரை தொடர்ந்து கவனித்தார்கள். வாரம் ஒருமுறையாவது ஆராதனைக்குப் போனவர்களிடையே தற்கொலை, போகாதவர்களிடம் இருந்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். இந்தப் பாதுகாப்பு புராட்டஸ்டண்டுகளைவிடக் கத்தோலிக்கரிடம் வலுவாகத் தெரிந்தது. சென்னையில் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் தற்கொலையால் இறந்த 100 பேரையும் மற்ற 100 பேரையும் ஒப்பிட்டு 1999-இல் வெளியிட்ட ஆய்விலும், இறந்தவர்களிடம் கடவுள் நம்பிக்கையும் வழிபாட்டுத் தலத்துக்குப் போகும் பழக்கமும் குறைவாகவே இருந்தன.

கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையிலான இந்த வித்தியாசத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன், மறுக்கிறவர்கள் மறுக்கலாம். தேவனுக்கும் எனக்கும் நடுவில் எந்த மனிதரும் வேண்டாம் என்பது நம் புராட்டஸ்டண்ட் மரபின் பெருமை. அதற்காக முன்னோர்கள் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நோயுற்ற மனத்துக்கு, தேவனும் தானும் மட்டும் இருக்கும் அந்த அறை மிகவும் தனிமையான அறை. கத்தோலிக்கர் குருவிடம் பாவ அறிக்கை செய்யும் பாவசங்கீர்த்தனக் கூண்டில், வேறு எது இல்லாவிட்டாலும், மறுபக்கம் ஒரு மனிதக் காது இருந்தது. நாம் கூண்டை எடுத்துவிட்டோம். காதை வேறு எங்காவது வைத்திருக்க வேண்டும். நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் போன்ற தென் மாவட்டத்துக் கிறிஸ்தவ ஊர்களில் சபையும் ஊரும் ஒன்றாகவே இருந்ததால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியவில்லை. ஒருவர் இரண்டு வாரம் கோயிலுக்கு வராவிட்டால் மூன்றாம் வாரமே யாராவது வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். நகரத்தில் ஆயிரம் பேர் அமரும் அரங்கில், விளக்கை அணைத்துப் பாடும் ஆராதனையில், உங்கள் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

சுபாவம் என்பது இங்கேதான் வந்து சேர்கிறது. பதற்றம், குற்றவுணர்வு, துயரம் ஆகியவற்றை மற்றவர்களைவிட எளிதாகவும் ஆழமாகவும் உணர்கிறவர்கள் உண்டு. அது குறைபாடு இல்லை, மனத்தின் வார்ப்பு. அந்த வார்ப்பு உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இன்னொன்று, எதிலும் பிழையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதம். கனடிய உளவியலாளர்கள் பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் இருவரும் 1991-இல் அதை மூன்று வகையாகப் பிரித்தார்கள். என்னிடம் நானே எதிர்பார்ப்பது, பிறரிடம் நான் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் என்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நான் நம்புவது. மூன்றாவதுதான் ஆபத்தானது. விசுவாசியின் மனத்தில் அந்த “மற்றவர்கள்” பட்டியலில் முதல் பெயர் தேவனுடையதாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். “நீங்களும் பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்” என்று ஒரே பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார். பக்கத்து இருக்கைக்காரர் மூன்று இரவு தூங்குவதில்லை.

அப்படித் தூங்காதவர்களை நான் ஆலோசனை அறையில் பார்த்திருக்கிறேன். அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். ஒரு பள்ளி ஆசிரியை நூறு பக்க நோட்டு ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். தேதி, பாவம், அறிக்கையிட்டாயிற்றா என்று மூன்று கட்டங்கள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவை. “அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்” என்ற ஒரே வரிக்கு நேராக நான்கு டிக். முதல் முறை அறிக்கையிட்டபோது மனம் முழுமையாக இல்லையோ என்று இரண்டாவது டிக், அதிலும் சந்தேகம் வந்து மூன்றாவது. அவருடைய சபையின் போதகர் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்லியிருந்தார். ஏற்கெனவே சாப்பாடும் தூக்கமும் குறைந்துபோன உடம்புக்கு உபவாசம் கெடுதலே செய்தது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த நோட்டில் இருந்தது பக்தி இல்லை, ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய். மனநல மருத்துவரிடம் அனுப்பினோம். மருந்தும், எண்ணங்களைக் கையாளும் பயிற்சியுமாகச் சில மாதங்களில் நோட்டு தானாகவே நின்றது. ஜெபம் நிற்கவில்லை.

மார்ட்டின் லூத்தருக்கும் இளம் துறவியாக இருந்த நாட்களில் இதே துன்பம் இருந்தது. ஒரே அமர்வில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்து, எழுந்து போன உடனே இன்னொன்று நினைவுக்கு வந்து திரும்பி வருவார். அவருடைய மேலாளர் ஸ்டௌபிட்ஸ் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, தேவன் அவர்மேல் கோபமாக இல்லை, அவர்தான் தேவன்மேல் கோபமாக இருக்கிறார் என்ற பொருளில் எடுத்துச் சொன்னார். புராட்டஸ்டண்ட் சபையே அப்படிப்பட்ட ஒரு மனத்தின் போராட்டத்திலிருந்து பிறந்ததுதான்.

ஆக, ஒரே விசுவாசம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. கென்னத் பார்கமெண்ட் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். துன்பத்தில் “தேவன் என்னோடு நடக்கிறார்” என்று நினைக்கிறவர்களை விசுவாசம் தாங்குகிறது. “தேவன் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்” என்று நினைக்கிறவர்களை அதே விசுவாசம் அழுத்துகிறது. ஜூலி எக்ஸ்லைன் என்பவரின் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சமயம் சார்ந்த பயமும் குற்றவுணர்வும் அதிகமாக இருந்தவர்களிடம் தற்கொலை எண்ணமும் அதிகமாக இருந்தது. அவர்களை “இன்னும் விசுவாசி” என்று தள்ளுவது, கால் முறிந்தவரை ஓடச் சொல்வதற்குச் சமம்.

இரட்சிப்பின் நிச்சயம் உங்களுக்குள் ஆட்டம் கண்டிருக்கிறது என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற முன்குறித்தலைக் கண்டிப்பாகப் போதித்த சீர்திருத்தச் சபையாரே 1646-இல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில், மெய்யான விசுவாசிக்கும் நிச்சயம் குலையலாம், குறையலாம், சில காலம் இல்லாமலும் போகலாம் என்று பதினெட்டாம் அதிகாரத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தற்கொலையால் இறந்தவர் நேரே நரகத்துக்குத்தான் போவார் என்று சில பிரசங்கிமார் முழங்குவதும் எனக்குத் தெரியும். லூத்தர் அப்படிச் சொல்லவில்லை. காட்டில் கள்வனிடம் சிக்கிக் கொலையுண்டவனைப் போன்றவர்கள் அவர்கள் என்றார். நரக பயம் சிலருடைய கையை நிறுத்தியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதைவிட அதிகம் பேருடைய வாயை அது அடைத்திருக்கிறது. வாய் அடைபட்டவரைக் காப்பாற்ற யாருக்கும் வழி தெரியாது.

வேதத்திலேயே எலியாவைப் பாருங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கிய தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறார். தேவதூதன் வந்து என்ன செய்தான்? அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூங்கவிட்டு, இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பிரசங்கங்களில் நாம் அந்த அடையைத் தாண்டி நேராக, பிறகு தேவன் பேசிய மெல்லிய சத்தத்துக்குப் போய்விடுகிறோம்.

கூப்பருக்கு அந்த அடையைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1773-இல் விழுந்தபோது நியூட்டனின் குருமனைக்கு வந்து, ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். தன் வீட்டுக்குத் திரும்ப மறுத்தார். நியூட்டன் வற்புறுத்தவில்லை. மேரி அன்வின் என்ற விதவை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். பிறகு அக்கம்பக்கத்தார் மூன்று முயல் குட்டிகளைக் கொடுத்தார்கள். அவற்றுக்குக் கூப்பர் தன் கையாலேயே பெட்டிக் கூடு செய்தார், பெயர் வைத்தார், தினமும் மாலையில் அவற்றோடு இருந்தார். தச்சு வேலை, தோட்டம், பிறகு கவிதை. ஆராதனைக்குப் போவதை விட்டுவிட்டார், ஜெபிக்கவும் தனக்கு அனுமதியில்லை என்று நம்பினார், நோயும் இடையிடையே திரும்பி வந்தது. ஆனாலும் 1785-இல் ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றிய ஒரு நெடுங்கவிதையைத் தந்தார், 1791-இல் ஹோமரை மொழிபெயர்த்து முடித்தார். 1800 ஏப்ரலில் உடல் நோயால், படுக்கையில், அறுபத்தெட்டாம் வயதில் இறந்தார்.

அவர் காலத்தில் இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது. மனச்சோர்வுக்கு இன்று மருத்துவம் உண்டு. மருந்து வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். தைராய்டுக் குறைபாடும் இப்படிச் சோர்வைக் கொண்டுவரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். மருத்துவரிடம் போவது விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால், மிஷனரிகள் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைக் காட்டுங்கள். பாகாயத்தில் அதன் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. போலீஸ் வழக்கு ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும் என்கிறது.

போதகரிடம் சொல்லலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சொல்லலாம், ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். ஜெபிப்பதற்கு முன் “எத்தனை நாளாக இப்படி? தூங்குகிறீர்களா? சாப்பிட்டீர்களா?” என்று கேட்கிறவர் என்றால் நம்பிச் சொல்லலாம். கேட்ட மாத்திரத்தில் தலையில் கையை வைத்து ஆவியைக் கடிந்துகொள்கிறவர் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். ஆராதனை முடிந்து கை குலுக்கும்போது “நன்றாக இருக்கிறேன் பாஸ்டர்” என்று வாயில் வரும். அதை விழுங்கிவிட்டு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “பாஸ்டர், சில மாதங்களாகச் சாக வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். என்னோடு வருவீர்களா?” அவரால் வர முடியாவிட்டால் அன்று இரவே ஊருக்குப் போன் செய்து, வீட்டில் உங்களுக்கு மிகவும் நெருக்கமானவரிடம் இதே வார்த்தைகளைச் சொல்லுங்கள்.